எட்டரை மீட்டருக்கு அப்பால்

முதல் படத்திலேயே கோளாறு. நாரை மங்கலாக இருந்தது. நாரைக்கு முன்னால் கண்மாய்த் தரையில் வளர்ந்திருந்த புல் மட்டும், ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம் என்கிற அளவுக்குத் துல்லியமாக விழுந்திருந்தது.

யுவராணி கேமராவின் முதுகுத் திரைக்குக் கையால் நிழல் கட்டி மறுபடியும் பார்த்தாள். சனிக்கிழமை காலை ஆறே முக்கால். கான்சாபுரத்துக் கண்மாயில் மாசி மாசத்துத் தண்ணீர் பாதிக்கு வற்றிப்போய், ஈரச் சேற்று வாடையும் ஆட்டுப் புழுக்கை வாடையும் கருவேலம்பூ வாசமும் ஒன்றோடொன்று கலந்து காற்றில் வர, மேற்கே மலை இன்னும் நீலம் கலையாமல் கிடக்க, நாற்பது மீட்டர் தள்ளித் தண்ணீரில் ஒரு சங்குவளை நாரை மஞ்சள் அலகைச் சேற்றுக்குள் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தது. அவளுக்கும் நாரைக்கும் நடுவில் புல்லைத் தவிர ஒன்றும் இல்லை. அந்தப் புல்லில், துல்லியமாக விழுந்த இடத்தில், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இடம் தரையோடு தரையாக அமுங்கிக் கிடந்தது. ஆடு மேய்கிற இடம், அமுங்காமல் என்ன செய்யும் என்று அவள் அதை விட்டுவிட்டாள்.

"என்னட்டி, விழுந்துச்சா?" கரைமேல் பைக்கில் சாய்ந்து நின்ற பாண்டிதுரை சத்தம் கொடுத்தான்.

"கத்தாதீங்க. பறந்துரும்."

"நான் கத்துனா பாகிஸ்தான்காரனே பறக்கமாட்டேங்கான். நாரையா பறக்கப் போகுது?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. எம்புட்டு நாள் ஆயிற்று, இப்படி முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டு. பாண்டிதுரை பட்டாளத்தில் ஹவில்தார். வருஷத்தில் ஒன்றரை மாசம்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் இருப்பான். மற்ற நாளெல்லாம் யுவராணி கோர்ட்டில் தட்டச்சு வேலைக்குப் போவாள், வருவாள், போன் அடித்தால் பதறி ஓடுவாள். ஆண்டாள் சந்நிதியில் நின்று அவள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: அவன் முழுசாகத் திரும்பி வரவேண்டும். அந்தப் பயத்தை மறக்கத்தான் பழைய கேமரா ஒன்றை வைத்துக்கொண்டு பறவை பார்க்க ஆரம்பித்தாள். இந்த லீவில் அவன், "நல்ல லென்ஸா ஒண்ணு எடுத்துக்கோ. நான் இல்லாதப்ப ஒனக்குத் தொணைக்கு ஏதாச்சும் வேணும்ல" என்று சொல்லி நேற்று ராஜபாளையத்துக்குக் கூட்டிப்போனான். புதன்கிழமை ரயிலேற வேண்டும்.

ராஜபாளையத்தில் ஜெபா என்பவர் பழைய கேமரா, லென்ஸ் எல்லாம் வாங்கி விற்கிறார். கல்லா மேசையில் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று நூற்றைம்பது மில்லிமீட்டரிலிருந்து அறுநூறு வரை இழுக்கிற பெரிய ஜூம், தூக்கினால் தோள்பட்டை இறங்குகிற கனம். இன்னொன்று நானூறு மட்டும்; இழுக்கவும் முடியாது, குறைக்கவும் முடியாது, ஆனால் ஒல்லியாக, கைக்கு அடக்கமாக, பறக்கிற பறவையைத் துரத்திப் பிடிப்பதற்கென்றே செய்ததுபோல இருந்தது. யுவராணியின் கை தானாக அதற்குத்தான் போயிற்று.

"ரெண்டையும் கொண்டு போங்க தங்கச்சி. வச்சுப் பாத்துட்டு திங்கக்கெழம ஒண்ணத் திருப்பிக் குடுங்க" என்றார் ஜெபா. பிறகு சின்னதைத் தொடாமல், கண்ணால் மட்டும் காட்டினார். "இதுல ஒரு கீறல் கெடையாது. ஆனா மூணு பேரு கொண்டு போயி, பறவைய விட்டுட்டு முன்னாடியே ஃபோகஸ் பிடிக்குதுன்னு திருப்பிட்டாங்க. நாலாவது ஆளு திருப்பல. அவரு வீட்டுக்காரம்மாதான் கொண்டாந்து வச்சாவ."

முன்னாடி பிடிக்கிறது என்பது உண்மைதான். யுவராணி இரண்டாவது படம் எடுத்தாள், மூன்றாவது எடுத்தாள். லென்ஸின் முதுகில் சின்னக் கண்ணாடிச் சன்னல் ஒன்று உண்டு. எத்தனை மீட்டர் தள்ளி ஃபோகஸ் நிற்கிறது என்று அதில் எண் ஓடும். நாரை நாற்பது மீட்டரில். சன்னலில் முப்பது. இரண்டு டஜன் படம் போனபின் பார்த்தால் இருபது. இன்னும் பத்து போனால் பதினைந்து. ஒவ்வொரு முறையும் நாரையின் கண்ணில்தான் புள்ளியை வைத்தாள், ஒவ்வொரு முறையும் மோட்டார் முனகிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக இந்தப் பக்கம் வந்து நின்றது. பத்து மீட்டர். சனியன் பிடித்த புல் என்று அவள் பல்லைக் கடித்தாள்.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த வீரணன் என்கிற பெரியவரின் நாய் ஒன்று, நல்ல வெள்ளை ராஜபாளையம், வந்ததிலிருந்து அவள் காலடியில் வாலாட்டிக்கொண்டு கிடந்தது. இப்போது எழுந்து நின்றது. வெறும் புல்லைப் பார்த்து அடித்தொண்டையில் உறுமியது.

"ஏய், சும்மா கெட. பறந்துரும்" என்று அதன் தலையில் தட்டினாள் யுவராணி.

அப்புறம் பறவைப் படக்காரர்கள் எல்லாரும் செய்கிற காரியத்தை அவளும் செய்தாள். லென்ஸின் இடப்பக்கம் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கிறது. ஒரு பக்கம் தள்ளினால் மூன்றரை மீட்டரிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் தேடும். மறுபக்கம் தள்ளினால் எட்டரை மீட்டருக்கு இந்தப் பக்கம் என்ன இருந்தாலும் திரும்பியே பார்க்காது; புல், கிளை, கம்பிவேலி எதிலும் மாட்டாமல் நேரே பறவையிடம் போய்விடும். பத்து மீட்டரில் மாட்டுகிற ஃபோகஸ் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தால் புல்லின் தொந்தரவு தானாக ஒழிந்துபோகும் என்று கணக்குப் போட்டாள். நாலு படம் எடுத்துவிட்டு, அந்த ஸ்விட்சைத் தள்ளினாள்.

பீப். ஃபோகஸ் கிடைத்துவிட்டதற்கான சின்னச் சத்தம்.

அடேயப்பா! நாரையின் கண், அலகின் ஓரத்துச் சேறு, அலகில் மாட்டிய மீனின் செதில், எல்லாம் கையால் தொடலாம் போல வந்தது. இதற்குத்தானே இத்தனை பாடு. அவள் விரலை எடுக்காமல் அழுத்தினாள். டக் டக் டக் டக் என்று படங்கள் ஓடின. நாய் குரைத்துக்கொண்டு புல்லுக்குள் பாய்ந்தது காதில் விழுந்தது, ஆனால் கண் நாரையை விட்டு நகரவில்லை. நாரை இறக்கையை விரித்தது. திடீரென்று கீழேயிருந்து ஒரு சிவப்பு எழும்பிப் படம் முழுக்கப் பரவியது. வெயில் ஏறிவிட்டது, என்ன அருமையான வெளிச்சம் என்று நினைத்து இன்னும் பத்துப் படம் எடுத்தாள்.

கேவல் சத்தம் அப்புறம்தான் கேட்டது. பாதியில் நின்றுபோன கேவல்.

கேமராவை இறக்கினாள். நாலைந்து மீட்டர் தள்ளி நாய் கிடந்தது. வயிறு தொடங்கிக் கழுத்துவரை பிளந்து, விலா எலும்பு இரண்டு பக்கமும் வெளியே மடித்துவிடப்பட்டிருந்தது. பின்னங்கால் ஒன்று தனியாகக் கிடந்து இன்னும் உதைத்துக்கொண்டிருந்தது. புல்லெல்லாம் ரத்தம். அவளுடைய முழங்கையிலும் ரத்தம். லென்ஸின் வாய் ஓரத்தில் ஒரு கொத்து வெள்ளை மயிர் ஒட்டியிருந்தது.

பாண்டிதுரை கரையிலிருந்து குதித்து ஓடிவந்து அவளைத் தனக்குப் பின்னால் இழுத்துக்கொண்டான். வீரணனும் கம்போடு வந்தார். நாயைப் பார்த்தார். அவர் வாய் கோணியது.

"சிறுத்தையா தாயி? எந்தப் பக்கம் போச்சு?"

"தெரியல."

"நீங்க இங்கதான நின்னிய? ஒங்க காலடில வச்சுப் பிச்சிருக்கு. பாக்கலையா?"

"நான் நாரையப் பாத்துட்டு இருந்தேன்" என்றாள் யுவராணி. சொல்லும்போதே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

பெரியவர் அவளையும் லென்ஸையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, துண்டை விரித்து நாயை அள்ள ஆரம்பித்தார். பாண்டிதுரை சுற்றிச் சுற்றித் தரையைப் பார்த்தான். சிறுத்தைத் தடம் ஒன்றுகூட இல்லை. ஆனாலும், "சிறுத்தைதான். வேறென்ன? தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு, வா" என்று பைக்கை எடுத்தான். வழியெல்லாம் அவள் அவன் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள். பதினைந்து கிலோமீட்டர். அந்த முதுகின் சூடு மட்டும்தான் அவளுக்கு அப்போது வேண்டியிருந்தது.

மடவார் வளாகத்தில் வைத்தியநாத சுவாமி கோயிலுக்குப் பின்னால் அவர்கள் வீடு. குளித்துவிட்டு வந்து, லென்ஸில் இருந்த ரத்தத்தை ஈரத்துணியால் துடைத்தாள். ஸ்விட்சைப் பழைய இடத்துக்குத் தள்ளி, கூடத்தின் அந்தக் கோடியில் ஆறு மீட்டர் தள்ளித் தொங்கிய காலண்டரைக் குறி வைத்தாள். மோட்டார் முனகியது. முன்னே போயிற்று, பின்னே வந்தது. பீப் வரவில்லை. சன்னலில் கடைசி எண்ணான மூன்றரையில் போய் முட்டி, அதற்கு மேல் வர வழியில்லாமல், இன்னும் வர முயன்று முயன்று துடித்தது. வாசலுக்குத் திருப்பினாள். மூன்றரை. சமையற்கட்டுப் பக்கம் திருப்பினாள். மூன்றரை. படம் எடுக்கவில்லை, குறி மட்டும்தான் வைத்தாள்.

"கெட்டுப்போச்சு. பெரிய ஜூமையே எடுத்துக்குவோம்" என்றாள். உள்ளுக்குள் அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

"அதை ஒன்னால தூக்க முடியுமாட்டி? நான் போன பொறவு தோள்வலிக்கு யாரு தைலம் தேச்சு விடுவா?"

"நான் தூக்கிக்குவேன். இது வேண்டாம். பயமா இருக்கு."

"பனியில பொணத்தோட படுத்துக் கெடந்தவன் பொண்டாட்டி, கண்ணாடிக் கொழாயப் பாத்துப் பயப்படுதாளாம்" என்று சிரித்து, அவள் கன்னத்தில் தட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான்.

சாப்பிட்டு அவன் கண்ணயர்ந்தான். யுவராணிக்குத் தூக்கம் வரவில்லை. நாலு மணிக்கு, காலையில் எடுத்த படங்களை லேப்டாப்பில் ஏற்றி, கேமராவை முதுகுப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டு, ஒவ்வொன்றாகத் தள்ளினாள். பெரிய திரையில் புல் நன்றாகத் தெரிந்தது. முப்பது மீட்டரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இடம் அமுங்கியிருந்தது. அடுத்த படத்தில் அந்த இரண்டு இடத்திலும் புல் நிமிர்ந்துவிட்டது. அதற்கு இரண்டு சாண் இந்தப் பக்கம், வேறு இரண்டு இடம் அமுங்கியிருந்தது. அடுத்ததில் இன்னும் இரண்டு சாண் இந்தப் பக்கம். அவள் விரைவாகத் தள்ளினாள். ஒரு படத்துக்கு ஒரு அடி. ஒரு படத்துக்கு ஒரு அடி.

நடந்து வந்திருக்கிறது.

ஸ்விட்சைத் தள்ளிய பிறகு எடுத்த படங்களில் நாரை பளிச்சென்று இருந்தது. ஆனால் படத்தின் அடியிலிருந்து புகை மாதிரி இரண்டு மங்கல் தூண்கள் எழும்பின. படத்துக்குப் படம் தடித்தன. மிக அருகில் நிற்கிற எதுவும் இந்த லென்ஸில் அப்படித்தான் விழும். ஓர் இடத்தில் வெள்ளையாக ஒன்று அவற்றுக்குள் பாய்ந்தது. அப்புறம் சிவப்பு. வெளிச்சம் என்று அவள் சந்தோஷப்பட்டாளே, அந்தச் சிவப்பு. கடைசிப் படத்தில் அந்த மங்கல் திரை முழுக்க நிறைந்து, நாரையின் கண் மட்டும் ஒரு பொட்டுப் போல நடுவில் தெரிந்தது.

சரி, கண்மாயில்தானே, பதினைந்து கிலோமீட்டர் தள்ளித்தானே, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உடனே காலண்டர் ஞாபகம் வந்தது. வாசல் பக்கம் திருப்பினாலும் மூன்றரை. சமையற்கட்டுப் பக்கம் திருப்பினாலும் மூன்றரை. லென்ஸ் கெடவில்லை. புல்லை அமுக்கி நடந்து வந்தது கண்மாயில் நின்றுவிடவில்லை. லென்ஸிலிருந்து எத்தனை அடியில் விட்டாளோ, அத்தனை அடியிலேயே கூட வந்திருக்கிறது. கூடத்துக்குள். அவர்கள் சாப்பிடும்போது. அடுத்த படத்துக்காகக் காத்துக்கொண்டு.

ஜெபாவுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, அந்த நாலாவது ஆளு எப்படிச் செத்தாரு?"

"ஒங்ககிட்ட யாரு சொன்னா?"

"சொல்லுங்க."

"அவிய வீட்டு மாடிலதான். பறவ எடுத்துட்டு இருந்திருக்காரு. மொகம்னு ஒண்ணும் மிச்சம் இல்லையாம். கேமரா மட்டும் ஒரு கீறல் இல்லாம இருந்துச்சாம். நான் சொல்லியிருக்கணும் தங்கச்சி, தப்புதான்..."

தலைக்கு மேலே, மொட்டைமாடியில், ஒரு சத்தம் கேட்டது.

டக்.

மேசையைப் பார்த்தாள். கேமரா இல்லை. கட்டிலைப் பார்த்தாள். பாண்டிதுரை இல்லை.

டக். டக்.

"ஏங்க!"

படிக்கட்டு. முழங்கால் படியில் மோதியது. வலி தெரியவில்லை. மாடிக் கதவு.

வெயில் சாய்ந்து, கோபுரத்தில் கிளிகள் கத்திக்கொண்டிருந்தன. மாடியின் அந்தக் கோடியில் தண்ணீர்த் தொட்டியோரம் பாண்டிதுரை கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றான். அவனுக்கும் அவளுக்கும் நடுவில் வெறும் தளம். கொடியில் அவன் பனியன் காய்ந்தது.

"வா வா. கிளிய எடுத்தா ஒரே புகையா விழுது. நீ சொன்னது சரிதான், கெட்டதுதான் போல" என்றான். "ஒன்னயவாச்சும் ஒண்ணு எடுத்துருவோம். புதன்கிழம கொண்டு போகணும்ல. ராத்திரி கூடாரத்துல பாத்துக்குவேன்."

"அதைக் கீழ வைங்க! அமுக்காதீங்க!"

"வெக்கமாட்டி? அசையாம நில்லு."

"அய்யோ, சொன்னாக் கேளுங்க! அமுக்காதீங்க!"

அவன் சிரித்துக்கொண்டே கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனான். ஐந்து மீட்டர். ஓடிப்போய்ப் பிடுங்கியிருக்கலாம். ஒரு காலை எடுத்து வைத்தாள். அப்போது நாயின் விலா எலும்பு கண்ணுக்கு முன்னால் வந்தது. நாயும் நடுவில்தானே ஓடியது. அவள் கால் நின்றுவிட்டது.

நின்றேவிட்டது.

டக்.

அவன் முகத்தோரம் கொடியில் தொங்கிய பனியன் ஒரு பக்கமாக ஒதுங்கியது. காற்றில்லை.

"என்ன இது, கண்ணே தெரிய..."

டக். டக். டக்.

அவன் இடது கை பின்பக்கமாக மடங்கியது. பச்சைக் குச்சி ஒடிகிற சத்தம். எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. அவன் கத்தினான். பட்டாளத்துக்காரன், அவள் ஒரு நாளும் கேட்டிராத குரலில், அம்மா என்று கத்தினான். கத்திய வாய் அகன்றது. இன்னும் அகன்றது. தாடை ஒரு பக்கம் கழன்று தொங்கியது. வலது கை விரல் மட்டும் பொத்தானை விடவில்லை. வலியில் இறுகிப்போய் இன்னும் அழுத்தியது.

டக் டக் டக் டக் டக்.

ஒவ்வொரு டக்குக்கும் அவனிடமிருந்து ஒன்று போயிற்று. காது. தோள். கழுத்துக்குக் கீழே ஒரு கிழிசல், அங்கிருந்து சத்தத்தோடு ரத்தம். தண்ணீர்த் தொட்டி சிவந்தது. அவள் காலடிவரை தெறித்தது, சூடாக.

"ஏங்க..." என்றாள். முழுசாக. முழுசாகத்தானே கேட்டேன்.

சத்தம் நின்றது.

பாண்டிதுரை விழுந்தான். முதலில் முழங்கால். பிறகு மற்றது. ஒரே இடத்தில் விழவில்லை.

கிளிகள் கோபுரத்தில் இன்னும் கத்திக்கொண்டிருந்தன. கீழே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து எடுத்தார்கள். யுவராணி அவனைப் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. அவன் நின்ற இடத்தைப் பார்த்தாள்.

கேமரா விழவில்லை.

அவன் பிடித்திருந்த உயரத்திலேயே, அவன் கண் இருந்த இடத்திலேயே, காற்றில் நின்றது. ஒரு கீறல் இல்லை. வார் கீழே தொங்கி மெல்ல ஆடியது. அதன் நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாக வடிந்தது.

லென்ஸ் கொஞ்சம் இடப்பக்கம் திரும்பியது. கொஞ்சம் மேலே ஏறியது. அவள் முகத்துக்கு நேராக வந்து நின்றது.

மோட்டார் முனகியது. இந்த முறை தடுமாறவில்லை. நடுவில் எதுவும் இல்லை; நடுவில் நின்றது இப்போது கேமராவுக்குப் பின்னால். சின்னச் சன்னலில் எண்கள் ஓடி, ஐந்தில் நின்றன.

பீப்.